ரயில் வந்தால் பந்து அப்படியே இருக்கும்

என் அன்பு மகள் ரேணுவுக்கு,

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு, எங்கே நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உன் எதிரே தவித்துக்கொண்டிருக்கும் மனிதரை முதலில் உட்கார வை. நம் செல்லத்துரை அண்ணன்தான். கண்டியிலிருந்து ஹட்டன் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பார். சீட் கிடைத்திருந்தாலும் சட்டைப்பையில் கடிதம் கசங்கிவிடும் என்று உட்கார்ந்திருக்க மாட்டார். ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடு. சீனி வேண்டுமா என்று மட்டும் கேட்காதே. கேட்டால் யோசிக்க ஆரம்பித்துவிடுவார். அவர் யோசித்து முடிப்பதற்குள் கவ்வாத்து வெட்டிய தேயிலை மறுபடி துளிர்த்துக் கொழுந்து எடுக்கும் பருவத்துக்கு வந்துவிடும். நீயே இரண்டு கரண்டி போட்டுக் கொடுத்துவிட்டு இதைப் படி. அவர் வாயைத் திறந்து எதுவும் சொல்லப்போவதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் என் கட்டிலில் இறக்கி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

நான் நலம். நலம் என்றால், இந்தக் கண்டி ஆஸ்பத்திரியே என்னைச் சுற்றித்தான் இயங்குகிறது. என் காலில் போட்டிருக்கும் மாவுக்கட்டைப் பிரித்தால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கப் பன்னிரண்டு காம்பராவோடு ஒரு லயம் கட்டி வெள்ளையும் அடிக்கலாம். நான் நம் கடை மாடிப்படியில் விழுந்த அன்று அந்தச் சத்தத்தில் சிவனொளிபாதமலை உச்சியில் மணி தானாக அடித்ததென்றும், அடிவாரத்து நல்லதண்ணியில் கடை போட்டிருந்தவர்கள் யாத்திரை சீசன் தொடங்கிவிட்டதென்று நினைத்துக் கற்பூரத்தை வெளியே எடுத்து வைத்தார்களென்றும் பக்கத்துக் கட்டில்காரருக்குச் சொல்லியிருக்கிறேன். அவர் நம்பவில்லை. மாத்தளைக்காரர், மலையின் மகிமை தெரியாது. நர்ஸ் பிள்ளை என்னை ‘சீயா’ என்று கூப்பிடுகிறாள். சிங்களத்தில் தாத்தா என்று அர்த்தம். ஹட்டன் நகரத்தின் ஒரே பில்லியர்ட்ஸ் சாம்ராஜ்யத்தை ஆண்ட சக்கரவர்த்தியை ஒரு சின்னப் பெண் தாத்தா என்கிறாள். காலம் அப்படிக் கிடக்கிறது.

சாம்ராஜ்யம் என்றால் என்ன என்று வெளியாள் யாராவது கேட்டால் நாம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் சொல்ல வேண்டும். இரும்புக்கடைக்கு மேலே ஒரு மாடி, அதில் இரண்டு பில்லியர்ட்ஸ் மேசை, பதினோரு குச்சி, ஒழுகுகிற இடத்தில் ஒரு வாளி. ஆனால் உன் அப்பா, என் அண்ணன், கண்ணை மூடிய பிறகு உன்னையும் உன் அம்மாவையும் என் வீட்டோடு சேர்த்துக்கொண்ட நாளிலிருந்து நம் எல்லோருடைய அடுப்பும் அந்த மாடியை நம்பித்தான் எரிந்தது. நீ கொழும்பில் கணக்கியல் படித்ததும் அந்தக் குச்சிகளின் புண்ணியம். அண்ணன் மகள் என் மகள் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. உனக்கு மட்டும் எப்படி இவ்வளவு மூளை வந்தது என்பதில்தான் சந்தேகம். அதனால்தான் கால் முறிந்து இங்கே வந்து சேர்ந்ததும் உன்னைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தேன். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தாய். வந்த வாரமே நான் விழுந்த படியில் பல்ப் மாட்டினாய். இத்தனை வருஷம் ‘மாட்டுவோம், மாட்டுவோம்’ என்று நான் சொல்லிக்கொண்டிருந்த பல்ப். அதை மாட்டியிருந்தால் எனக்கு இந்த லயம் கட்டும் வேலையே வந்திருக்காது.

பிறகு நீ புதுப் பலகை எழுதி மாட்டினாய். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று இருந்ததை மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று மாற்றினாய். காலை பத்துக்குத் திறப்பு, இரவு பத்துக்கு மூடல். சுவரில் பெரிய கடிகாரம். ஒரு வாரத்தில் வழக்கமாக வருகிற ஆட்கள் நின்றுபோனார்கள். ஞாயிற்றுக்கிழமை நீ எனக்குப் போன் எடுத்தபோது உன் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. சின்னப் பிள்ளையில் பென்சில் தொலைத்துவிட்டு வந்து நிற்பாயே, அந்தக் குரல்.

“சித்தப்பா, வெலய பாதியா கொறச்சுட்டேன். அப்பவும் ஒருத்தரும் ஏறி வரல.”

“ஒருத்தருமேவா?”

“கரண்ட் பில் எழுதுறவரு வந்தாரு.”

“ஆடினாரா?”

“சித்தப்பா, வெளையாடாதீங்க. நுவரெலியாவுல ஒரு கெஸ்ட் ஹவுஸ்காரரு ரெண்டு மேசையையும் கேக்குறாரு. வெள்ளிக்கெழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். நான் ஒங்க கடைய நாசமாக்கிட்டேன். நீங்க வர்றதுக்குள்ள மிச்சம் இருக்கிறதையாவது நல்ல வெலைக்கு...”

நான் பேசாமல் இருந்தது உலகத்தில் அதுவே முதல் தடவை என்பதால் வார்டில் எல்லோரும் பயந்துபோய் என்னைப் பார்த்தார்கள். விலை கூடியதால் போனார்கள் என்றால் விலை குறைந்ததும் வந்திருக்க வேண்டும். படுத்துக்கொண்டே கூரையைப் பார்த்து யோசித்தேன். நீ ஏதாவது கெட்ட வார்த்தை பேசியிருப்பாயோ என்றுகூட யோசித்தேன். உனக்கு ஒன்று கூடத் தெரியாதே என்று கவலைப்பட்டேன்.

இன்று காலை பார்வையாளர் நேரத்தில் செல்லத்துரை அண்ணன் வந்து நின்றார். கையில் ஒரு பை ஆரஞ்சு நிறத் தோடம்பழம், ஒரு கொத்துக் கறுப்புத் திராட்சை. அவரை உனக்குத் தெரியும், ஆனால் மேசைக்குப் பக்கத்தில் வைத்து நீ அவரைப் பார்த்ததில்லை. தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் ஓட்டினால் லொறியை நத்தை முந்திப் போய், அடுத்த வளைவில் நின்று இளைப்பாறும். ஆட்டத்திலும் அதே வேகம். ஒரு பந்தை அடிப்பதற்கு முன் மேசையை மூன்று சுற்று சுற்றுவார், குனிவார், நிமிர்வார், குச்சி நுனியில் சோக்கட்டி தேய்ப்பார், மறுபடி சுற்றுவார். ஆனால் அடித்தால் பந்து குழியில் விழும். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் கொழும்பில். வீட்டில் பேச்சுத் துணைக்கு ஒரு ரேடியோ. மத்தியானம் சாப்பிட்டு எழுந்தால் அவர் கால் தானாக நம் படியைத்தான் தேடும்.

“எப்புடி இருக்கீங்க மொதலாளி?” என்றார்.

“செத்துக்கிட்டிருக்கேன்.”

“நல்லதுங்க,” என்றார். காதில் விழவில்லை, வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பழப்பையை எங்கே வைப்பது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கட்டிலும் அவருக்கு ஒரு மேசைதான். கடைசியில் என் மாவுக்கட்டு மேலேயே வைத்துவிட்டுச் சொன்னார்: “பாப்பா நல்லாத்தான் நடத்துதுங்க. படியில லைட்டு போட்டிருக்கு. சொவத்துக்கு பெயின்ட் அடிச்சிருக்கு. கடிகாரம் ஒன்னு வாங்கி மாட்டியிருக்கு. பெரிசு.”

“எவ்வளவு பெரிசு?”

“திரும்பி நின்னாலும் தெரியுதுங்க.”

“அப்ப ஏன்ணே நீங்க போறதில்ல?”

“யாரு சொன்னா? போறேனே. நேத்துகூட கீழ இரும்புக்கட வரைக்கும் போனேன்.”

அவரிடமிருந்து கதையை வாங்குவது பலாப்பழத்திலிருந்து பாலில்லாமல் சுளை எடுப்பது மாதிரி. ஆனாலும் எடுத்தேன். முதல் சுளை இது: கடிகாரம் வந்த பிறகு அவரோடு ஆடப் பலரும் தயங்கினார்கள். “நான் ஒரு சுத்து சுத்தி வர்றதுக்குள்ள மூணு ரூவா போயிருதாம். பயலுக கணக்குக் கூட்டுறானுங்க. ‘அண்ணே, நில்லுங்க, நடக்காம அடிங்க’ங்குறானுங்க. நடக்காம எப்புடிங்க பந்து தெரியும்?” இதைக் கோபமாகச் சொல்லவில்லை, மகளே. பயல்கள் கேட்பதும் நியாயம்தானே என்கிற குரலில் சொன்னார். நம் கடையில் தோற்றவன்தான் காசு கொடுப்பான், அது உனக்குத் தெரியும். ஆட்டத்துக்கு விலை என்றால் தோற்றவனுக்கு எவ்வளவு போகும் என்று முதலிலேயே தெரியும். மணித்தியாலத்துக்கு விலை என்றால் எதிராளியின் நடைக்கும் இவன் காசு கொடுக்க வேண்டும். அப்போது எதிரே ஆடுகிறவன் பந்தைப் பார்க்க மாட்டான், செல்லத்துரை அண்ணன் காலைப் பார்ப்பான்.

ஆனால் அது சின்னச் சுளை. அதற்காக யாரும் கடையை விட்டுப் போக மாட்டார்கள். உன்னிடம் வந்து ஒரு வார்த்தை புலம்பியிருப்பார்கள், அவ்வளவுதான். பெரிய சுளையை அவர் கடைசி வரைக்கும் விழுங்கிக்கொண்டே இருந்தார். ‘நிசாம் எப்படி?’ என்று நான் தற்செயலாகக் கேட்டபோதுதான் அது வெளியே வந்தது.

நிசாமை நீ பார்த்திருக்கிறாய், சின்னவர்கள் ‘நானா’ என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிறவன். ஸ்டேஷன் வாசலில் பச்சை நிற த்ரீவீல். ஆட்டத்தில் அவனுக்கு வயிற்றில் ஒரே ஒரு தீராத பசி: செல்லத்துரை அண்ணனை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தோற்கடிக்க வேண்டும். இத்தனை வருஷமாக நடக்கவில்லை. அவன் தோற்றுக் கொடுத்த காசை அடுக்கினால் ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு நேராக ஒரு பாலம் கட்டி, மிச்சத்தில் அதற்குக் கைப்பிடியும் வைக்கலாம். நீ பலகை மாட்டிய வாரத்து வியாழக்கிழமை இரண்டு பேரும் இரண்டாம் மேசையில் ஆடியிருக்கிறார்கள். அன்று நிசாமுக்கு என்ன ஆனதோ, பந்துகள் எல்லாம் அவன் சொன்னபடி கேட்டிருக்கின்றன. அவன் பந்துகள் முழுதும் குழிக்குள். கடைசியாகப் போட வேண்டிய கறுப்பு ஒன்றுதான் பாக்கி, அது விழுந்தால் அவன் ஜெயித்தான். அதுவும் ஜன்னல் பக்கத்து நடுக்குழியின் வாயில், ஊதினால் விழுகிற தூரத்தில். அண்ணனுக்கு இன்னும் மூன்று பந்து. அடிக்க வேண்டிய முறையும் நிசாமுடையது. அவன் குனிந்த நேரத்தில் போன் அடித்திருக்கிறது. வட்டவளை ஸ்டேஷனுக்கு எதிரே வடை போடும் அவன் மச்சான். ‘ரயில் கெளம்பிருச்சு.’

இனி நான் எழுதப்போவதுதான், உனக்கு நான் சொல்லாமல் விட்டது. குச்சிக்குச் சோக்கட்டி எப்படித் தேய்ப்பது, மேசைத் துணியை எந்தப் பக்கமாகத் துடைப்பது என்றெல்லாம் ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் படியில் கிடந்தபடியே போனில் உனக்கு உபதேசம் செய்தேன். இதைச் சொல்லவில்லை. மூச்சு விடச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

நம் கடையில் பாதி ஆட்கள் ஸ்டேஷன் த்ரீவீல்காரர்கள். அவர்களுக்குப் பொழுது என்பது ரயிலுக்கும் ரயிலுக்கும் நடுவில் இருப்பது. வட்டவளையில் ரயில் புறப்பட்டதென்று போன் வந்தால், அது மூச்சிரைக்க மலையேறி ஹட்டனுக்கு வருவதற்குள் ஸ்டேஷன் வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். வரிசை போனால் ஹயர் போச்சு, சவாரி இல்லை. அதனால் ஆட்டத்தை நடுவில் விட்டுவிட்டு ஓடுவார்கள். ஓடுகிறவன் தன் குச்சியை மேசையின் குறுக்கே, விளிம்புக்கு விளிம்பு, பாலம் மாதிரி வைத்துவிட்டுப் போவான். குச்சி குறுக்கே கிடந்தால் ஆட்டம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அவன் ஹயர் முடித்துத் திரும்பி வரும் வரைக்கும் அந்த மேசையை யாரும் தொட மாட்டார்கள், சாய மாட்டார்கள், பக்கத்தில் நின்று தும்மக்கூட மாட்டார்கள். ஒரு தடவை நில அதிர்வு என்று ஊரே வெளியே ஓடியபோதும் நம் ஆட்கள் நான்கு பேர் மேசையின் நான்கு காலையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்வேன்; நீ நம்ப வேண்டாம், ஆனால் அவர்களிடம் சொன்னால் ‘ஆமா’ என்பார்கள். இதை யாரும் எங்கேயும் எழுதி மாட்டவில்லை. போனில் ஒரு படம் எடுத்து வைத்திருக்கலாமே என்று கேட்பாய். யாராவது தொட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறவன்தான் படம் எடுப்பான்.

அந்த வியாழக்கிழமை நிசாமும், இத்தனை வருஷப் பசியை அவசரத்தில் அடித்துக் கெடுக்க மனமில்லாமல், குச்சியைக் குறுக்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஸ்டேஷன் ஆட்கள் எல்லாம் ரயிலுக்கு ஓடிவிட்டார்கள். செல்லத்துரை அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்திருக்கிறார். அந்த நேரத்தில்தான் கண்டிப் பக்கம் போகிற ரயிலைத் தவறவிட்டு, முதுகில் பையோடு நனைந்து ஏறி வந்த அந்த மூன்று வெளிநாட்டுப் பிள்ளைகள் உன்னிடம் இரண்டு மணித்தியாலத்துக்கு முன்கூட்டியே காசு கட்டியிருக்கிறார்கள். முதல் மேசையில் வேறு பயல்களின் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. இரண்டாம் மேசையில் ஆளில்லை. கடிகாரமோ நேரம் முடிந்ததென்று காட்டியது. நீ குச்சியை எடுத்து ஸ்டாண்டில் மாட்டினாய். பந்துகளைக் கூட்டி முக்கோணத்தில் அடுக்கினாய்.

“நீங்க இருந்தீங்களே அண்ணே, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டேன்.

“வாயத் தொறந்தேங்க. நான் தொறக்கிறதுக்குள்ள பாப்பா அடுக்கிருச்சு. ரொம்ப சுறுசுறுப்பு.”

“நிசாம் வந்து என்ன சொன்னான்?”

“மொகத்துல சிரிப்போடதான் ஏறி வந்தான். குச்சியப் பாத்தான். மேசையப் பாத்தான். வெள்ளைக்காரப் புள்ளைங்க வெளையாடுதுங்க. ‘சரி’ன்னான். எறங்கிட்டான். அப்புறம் ஸ்டேஷன் பயலுக யாரும் ஏறல. அவனுங்க சண்ட கிண்ட போடலங்க. மேல வந்து ஆடிட்டு, கீழ போயி நிசாம் மொகத்தப் பாக்கணுமேன்னு அவனுங்களுக்கு.”

ரேணு, இதில் உன் தப்பு என்று ஒரு துளிகூட இல்லை. ஆளில்லாத மேசையை ஆளுக்குக் கொடுத்தாய். உலகத்தில் எந்தக் கடையிலும் அதுதான் சரி. நம் கடை உலகத்தில் இல்லை, ஹட்டனில் இருக்கிறது, அவ்வளவுதான் கோளாறு. நிசாமுக்கும் உன்மேல் கோபமில்லை என்பது என் எண்ணம். இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கைக்கெட்டியது போய்விட்டால், அந்த இடத்துக்கு மறுபடி ஏறி வர யாருக்கு மனம் வரும்? அதனால் நீ விலையைப் பாதியாக்கினாலும் சரி, ஆடுகிறவனுக்கு நீ காசு கொடுத்தாலும் சரி, அவன் வர மாட்டான். விலைப்பலகையில் இல்லாத ஒன்றுக்கு விலைப்பலகையில் மருந்து தேடினாய். கணக்கியல் படித்த மூளை எண்ணைத்தான் முதலில் திருத்தும். நான் படிக்காதவன், நானாக இருந்திருந்தால் எல்லோருக்கும் டீயும் ரோல்ஸும் வாங்கிக் கொடுத்துத் திருத்தப் பார்த்திருப்பேன். அதுவும் பலித்திருக்காது.

நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதற்காக என்னைப் பழைய பஞ்சாங்கம் என்று சொல்லாதே. இரவு பத்து வரைக்கும் நீ தனியாக வெளிச்சத்தைக் காவல் காக்க வேண்டாம். தோட்டத்துக்குப் போகிற கடைசி பஸ் எப்போது ஹோர்ன் அடிக்கிறதோ அப்போது நம் கடைக்கும் மூடுகிற நேரம். கவ்வாத்து வெட்டுகிற பயல்கள் வேலை முடித்து, குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, மத்தியானத்துக்குப் பிறகுதான் டவுனுக்கு ஏறுவார்கள். கடைசி பஸ்ஸை விட்டால் மழையில் ஐந்து மைல் நடக்க வேண்டும். அவர்கள் ஒரு காது பந்தின் மேலும் ஒரு காது பஸ்ஸின் மேலும் வைத்துத்தான் ஆடுவார்கள்; நடுவில் பஸ் வந்துவிட்டால் மணித்தியாலக் காசு அவர்களுக்கு வீண். மலை சீசன் வந்துவிட்டால் கதை வேறு. நல்லதண்ணிக்கு ராத்திரி ஹயர் போய் விடியக்காலையில் திரும்புகிற த்ரீவீல்காரர்களுக்கு விடிகிற நேரத்தில் கதவு திறந்திருக்க வேண்டும். குளிரில் விறைத்த கையோடு வந்து ஒரு ஆட்டம் போட்டால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும். மழையில் மாட்டிக்கொண்டு ஏறி வருகிறவனிடம் மட்டும் ஒருநாளும் விலையை ஏற்றாதே. ஹட்டனில் மழைக்கு விலை போட்டால் இரண்டு வருஷத்தில் நாம் இந்தத் தீவையே வாங்கிவிடலாம், உண்மைதான். ஆனால் பிறகு அதில் நாம் இரண்டு பேர் மட்டும்தான் இருப்போம்.

உன் கடிகாரத்தைக் கழற்றச் சொல்லவில்லை. முதல் மேசைக்கு அது இருக்கட்டும். டூரிஸ்ட் பிள்ளைகளுக்கும் டியூஷன் முடிந்து வருகிற பையன்களுக்கும் மணித்தியாலம்தான் வசதி. புதிதாக ஆடுகிறவர்கள், ஆட்டம் எப்போது முடியும் என்று அவர்களுக்கே தெரியாது. இரண்டாம் மேசைக்கு ஆட்டக் கணக்கு. அங்கே செல்லத்துரை அண்ணன் கண்டிக்கு நடந்து போய் வந்துகூட அடிக்கலாம். அப்புறம் நீ வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டீச்சர் வேலை பார்க்கிற பெண்பிள்ளைகள் மூன்று பேர் வந்து ஆடிவிட்டுப் போனார்கள் என்று அப்போதே போனில் சொன்னாயே, சொல்லிவிட்டு அது ஒன்றுமேயில்லை என்பது மாதிரி அடுத்ததுக்குப் போனாய். இத்தனை வருஷத்தில் ஒரு பெண்பிள்ளைகூட அந்தப் படியில் ஏறியதில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை, கூப்பிட்டாலும் என் மீசையைப் பார்த்து யாரும் வந்திருக்க மாட்டார்கள். ஞாயிறு காலையை அவர்களுக்கு ஒதுக்கு. நான் திரும்பி வந்த பிறகும் அந்த நேரத்தில் நான் மாடிக்கு வரமாட்டேன் என்று இந்த மாவுக்கட்டின் மேல் சத்தியம் செய்கிறேன்.

இதெல்லாம் நான் செல்லத்துரை அண்ணனிடம் சொல்லி, ‘மகளுக்குப் போன் போட்டுச் சொல்லட்டுமா?’ என்று கேட்டபோது அவர் என் கட்டில்மேல் குனிந்தார். போர்வையை நீவி நீவிச் சமமாக்கினார். பழப்பையை அவிழ்த்தார். என் மாத்திரை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்தார். அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று எனக்குப் பயம். மூன்று மாத்திரைகளைப் போர்வையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வைத்தார். கட்டிலைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். ஒன்றை ஒரு விரல் அளவு நகர்த்தினார். மறுபடி சுற்றினார்.

“இது என்னோட மூணுங்க,” என்றார். “இந்தத் தோடம்பழம் வெள்ளப் பந்து. இங்க இருந்துச்சு.” பிறகு திராட்சைக் கொத்திலிருந்து நல்ல கறுப்பாக ஒன்றைப் பார்த்துப் பறித்து, என் தொடைக்குப் பக்கத்தில், போர்வையின் ஓரத்தில் வைத்தார். அது ஜன்னல் பக்கத்து நடுக்குழி. எல்லாம் அந்த வியாழக்கிழமை இருந்தபடி. அவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றிப் பார்க்கிற மனிதருக்கு எது எங்கே இருந்ததென்று தெரியாமல் போகுமா?

நான் அந்தத் திராட்சையைப் பார்த்தேன். எனக்குள்ளே இருக்கும் குரங்கு சும்மா இருக்குமா? “அண்ணே, யாரும் பாக்கல. இந்தக் கறுப்ப ஒரு சாண் இந்தப் பக்கம் தள்ளி வச்சா நிசாமால அடிக்க முடியாது. நீங்க இன்னொரு நூறு வருஷத்துக்கு ராசா,” என்றேன்.

அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். “அது எப்புடிங்க? அங்கதான இருந்துச்சு.”

அந்த நேரம் பார்த்து நர்ஸ் பிள்ளை வந்தாள். “சீயா, மே மொனவத?” என்று கேட்டாள், இதெல்லாம் என்ன என்று. கேட்டுக்கொண்டே ஒரு மாத்திரையை எடுத்து என் வாயில் போட வந்தாள். செல்லத்துரை அண்ணன் தன் வாழ்நாளிலேயே முதல் தடவையாக வேகமாக ஒரு காரியம் செய்தார். “ஐயோ மிஸ், அதத் தொடாதீங்க!” என்று போட்ட சத்தத்தில் மாத்தளைக்காரர் கட்டிலைவிட்டு எழுந்து நின்றுவிட்டார். நர்ஸ் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தாள், போர்வையைப் பார்த்தாள், மாத்திரையை எடுத்த இடத்திலேயே மெதுவாக வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஆட்டம் உயிரோடு இருக்கிறது என்பதை அந்தப் பிள்ளை எப்படியோ புரிந்துகொண்டாள். இன்றைக்கு மத்தியானம் எனக்கு மருந்து இல்லை.

அவர் இப்போது என் கால்மாட்டில் உட்கார்ந்து, நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். “முடிஞ்சிருச்சுங்களா?” என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். இரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமாம், சாயங்கால ரயிலுக்கு முன்னால் ஹட்டனில் இருக்க வேண்டுமாம். தோற்பதற்கு இவ்வளவு அவசரப்படுகிற மனிதரை நான் பார்த்ததே இல்லை. ஏன்ணே என்று கேட்டேன். “நிசாம் இல்லாட்டி நான் யாரோடங்க ஆடுறது?” என்றார்.

வெள்ளிக்கிழமை அந்த கெஸ்ட் ஹவுஸ்காரருக்கு என்ன சொல்வதென்று நான் எழுதப்போவதில்லை. கடை இப்போது உன் கையில் இருக்கிறது. நீ விற்றுவிட்டாலும் நான் ஊரில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், ஒரு கோடிக்கு விற்றோம் என்றுதான் சொல்வேன். ஆனால் வெள்ளிக்கிழமை வருவதற்கு முன்னால் இன்றைக்கு ஒரு ரயில் வருகிறது. அண்ணன் டீ குடித்து முடித்ததும் இரண்டாம் மேசையின் பந்துகளை அவர் கையில் கொடு. அவர் வைக்கட்டும். நேரமாகும். கடிகாரம் பார்க்காதே. நிசாமின் குச்சி எது என்றும் அவருக்குத் தெரியும். அதை அவரே மேசையின் குறுக்கே வைப்பார். பிறகு நீ கீழே இறங்கி, குடையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலுக்குப் போ. போன் போடாதே, நேரில் போ. விலையைப் பற்றிப் பேசாதே, மன்னிப்புக் கூடக் கேட்க வேண்டாம், அவனுக்கு வெட்கமாகிவிடும். ரயில் வந்து, ஹயர் முடிந்து, அவன் திரும்பி வந்து வண்டியை நிறுத்தியதும் பக்கத்தில் போய் இவ்வளவு மட்டும் சொல்லு:

“நிசாம் நானா, ஒங்க அடி பாக்கி இருக்கு.”

மாவுக்கட்டுக்குள்ளிருந்து,
உன் சித்தப்பா